கரை காக்கும் தொழில்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் அடிவாரத்தில் கோமுகி அணையைப் பார்க்கலாம். 1960-களின் நடுவில் கட்டி முடிக்கப்பட்ட அணை. முழு உயரம் 46 அடி. கொள்ளளவு ஏறக்குறைய 560 மில்லியன் கன அடி. ஆனால் மழைக்காலத்தில் நீர்மட்டம் 44 அடியை எட்டினாலே ஷட்டரைத் திறந்துவிடுவார்கள். பொட்டியம், கல்படை, பரிகம், மல்லிகைப்பாடி ஓடைகளில் மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணீர் அதற்குப் பிறகு தேங்காமல் ஆற்றோடு போய்விடும். பக்கத்திலிருக்கும் மணிமுக்தா அணையிலும் இதே வழக்கம்தான். 36 அடி அணையில் 34 அடி வரைதான் தேக்குவார்கள்.

கடைமடை விவசாயிக்கு இந்த இரண்டடி கண்ணை உறுத்தும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கடைசித் தண்ணிக்கு ஏங்கி நிற்கிறவருக்கு, அணையில் இடமிருந்தும் ஆற்றில் திறந்துவிட்ட தண்ணீரெல்லாம் வீணாய்ப் போனதாகத்தான் தெரியும். அணையைக் காக்கிறவரின் கணக்கு வேறு. கல்வராயன் ஓடைகள் நீளம் குறைந்தவை, சரிவு கூடியவை. மலைமேல் கொட்டிய மழை அடிவாரத்துக்கு வந்து சேர அதிக நேரம் ஆகாது. அது வரும்போது அணையில் இடம் இருக்க வேண்டும். ஷட்டரை இயக்கவும் கரையோர ஊர்களுக்குச் சேதி சொல்லவும் அவகாசம் இருக்க வேண்டும். காலியாக விட்ட இரண்டடியின் பயன் அந்த அவகாசம்தான்.

சென்னையிலும் பெங்களூருவிலும் இரவுப் பணியில் கிளவுட் சர்வர்களைக் காக்கும் பொறியாளர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். கூகுள் நிறுவனத்தில் 2003-இல் பென் டிரெய்னர் ஸ்லாஸ் ஒரு சிறு குழுவோடு தொடங்கிய வேலைமுறைக்கு ‘சைட் ரிலையபிலிட்டி எஞ்சினியரிங்’ என்று பெயர், சுருக்கமாக எஸ்.ஆர்.இ. 2016-இல் கூகுள் பொறியாளர்கள் எழுதிய நூல் இந்தத் தொழிலுக்குப் பாடநூல் மாதிரி ஆகிவிட்டது. நூறு சதவீதம் பழுதே இல்லாத சேவை என்று இலக்கு வைப்பதே தவறு, எவ்வளவு பழுதைத் தாங்கலாம் என்பதை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் முதன்மையான கருத்து. ஒன்றைக் கட்டுவது போலவே, கட்டியதைக் காப்பதும் முழுநேரப் பொறியியல் என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது கருத்து தமிழ்நாட்டு ஏரிகளுக்கு மிகப் பழையது. ஏரி காப்பதைத் தனித் தொழிலாக, தனிப் பொறுப்பாக, தனி வருமானத்தோடு நடத்திய வரலாறு இங்கே ஆயிரம் ஆண்டுக்கு மேல் உண்டு. அது எப்படி நடந்தது, பிறகு எங்கே அறுந்தது என்பது இன்று சர்வர் காக்கிறவர்கள் படிக்க வேண்டிய கதை.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஆண்டு 919, 921. குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லோரும் அவற்றைப் பேசுகிறார்கள். அவற்றையே ஒரு பராமரிப்பு ஆவணமாகவும் படிக்கலாம். ஏரியைக் கவனிக்க ‘ஏரி வாரியம்’ என்று ஆறு பேர் கொண்ட குழு. பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது; அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. அதே ஊரில் வயிரமேக தடாகம் என்று ஒரு பேரேரி. அதில் தூர் வாரும் செலவுக்குப் பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியைப் பயன்படுத்தியதையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஏரிக்கென்று ஒதுக்கிய நிலம் ‘ஏரிப்பட்டி’. அதன் விளைச்சல் ஏரிக்கே.

இங்கே கவனிக்க வேண்டியது ஏரி வெட்டிய அரசனின் பெருமையை விட, தூர் வாருவதற்கு வைத்த வட்டிக் கணக்கை. வண்டல் ஆண்டுதோறும் சேரும். ஆகவே பணமும் ஆண்டுதோறும் வர வேண்டும். புதிதாகக் கட்ட யாரும் கொடுப்பார்கள். கட்டியதைக் காக்கக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. அதைத் தெரிந்துகொண்டுதான் அந்தப் பொன்னின் முதலில் கை வைக்காமல் வட்டியை மட்டும் செலவு செய்யும்படி ஏற்பாடு செய்தார்கள். இன்றைய மென்பொருள் நிறுவனங்களில் புது வசதி சேர்க்க ஆளும் நேரமும் தாராளமாகக் கிடைக்கும். பழைய சர்வரைப் புதுப்பிக்கவும் பேக்கப்பைச் சோதிக்கவும் கேட்டால் அடுத்த காலாண்டு என்பார்கள். அந்த வேலைக்கென்று வேறு எதற்கும் திருப்ப முடியாத நேரத்தையும் பணத்தையும் ஒதுக்குவது எஸ்.ஆர்.இ. குழுக்கள் இன்றுவரை போராடிப் பெறுகிற ஒன்று.

ஓர் ஏரியை அருகில் நின்று பார்த்தால் அதைக் கட்டியவர்களின் அச்சம் புரியும். கரை வளைந்து கிடக்கும். நீர்ப்பக்கச் சரிவில் அலை அரிக்காமல் இருக்க அலைகல் பதித்திருப்பார்கள். பழைய ஏரிகளில் மதகுக்குப் பதில் குமிழித் தூம்பு இருக்கும்: கரையிலிருந்து சற்று உள்ளே, தண்ணீருக்குள் இரண்டு கற்றூண்கள், இடையில் குறுக்குக் கற்கள், கீழே ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேல்பக்கம் நீரோடித் துளை, அடிப்பக்கம் சேறோடித் துளைகள். மேல் துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் தண்ணீர் பாயும் வேகத்தில் அடியிலுள்ள சேறும் இழுபட்டுத் தூம்பு வழியே வயலுக்குப் போகும். பாசனம் நடக்கும்போதே தூரும் ஓரளவு குறையும். பராமரிப்பைத் தனி வேலையாக மட்டும் விடாமல், அன்றாட இயக்கத்துக்குள்ளேயே புகுத்திவிட்ட வடிவமைப்பு இது.

கலிங்குதான் ஏரியின் உயிர்நாடி. நிறைந்த தண்ணீர் கரையை உடைக்காமல் வெளியேற, கரையின் ஒரு முனையில் கல்லால் கட்டிய வழி. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் ஏரி நிரம்பி வழிவதைக் ‘கோடி போகுது’ என்பார்கள். கோடி போனால் ஊருக்குச் சந்தோஷம். ஆடு வெட்டிப் பூசை போடுகிற ஊர்களும் உண்டு. கொள்ளளவுக்கு மேல் வருவதை எந்த வழியாக, எவ்வளவு உயரத்தில், யார் நிலத்தின் மேல் விடுவது என்று வெயில் காலத்திலேயே தீர்மானித்துக் கல்லில் கட்டி வைத்தது கலிங்கு. மழையில் நனைந்துகொண்டு எடுக்க வேண்டிய முடிவு எதையும் அது மிச்சம் வைக்கவில்லை. லோடு தாங்காத சர்வர் முதலில் எந்தக் கோரிக்கையை ஏற்க மறுக்க வேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருக்கிற குழு நெருக்கடியில் தடுமாறாது. எழுதி வைக்காத குழுவில், சர்வர் தானாகவே எல்லோரையும் கைவிடும்.

அந்தக் கலிங்கிலும் ஒரு சிக்கல் இருந்தது. பல கலிங்குகளின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில், இனிப் பெருமழை இல்லை என்று தெரிந்தபின், கற்களுக்கு நடுவே பலகையோ மண்ணும் புல்லுமோ அடைத்துக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்கிக்கொள்ளலாம். அடைப்பை அடுத்த மழைக்கு முன் எடுக்காவிட்டால் கரைக்கு ஆபத்து. அடைத்தால் ஏரிக்கு மேற்புறம் நீர்ப்பிடிப்பை ஒட்டி நிலம் வைத்திருப்பவரின் பயிர் மூழ்கும். அடைக்காவிட்டால், ஏரித் தண்ணீர் பாயும் நிலமுள்ள ஆயக்கட்டுக்காரருக்கு ஒரு தண்ணி குறையும். தமிழ்நாட்டு ஏரி வழக்குகளில் பல இந்த ஒரு முழ உயரத்துக்காக நடந்தவை. தற்காலிகமாகச் செய்த மாற்றத்தைத் திரும்ப எடுக்க மறப்பது கிளவுட் உலகத்திலும் பெரிய வியாதி. நள்ளிரவில் அவசரத்துக்குத் திறந்த அனுமதியும் உயர்த்திய வரம்பும் ஆறு மாதம் கழித்து வேறொரு விபத்துக்குக் காரணமாகும்.

இந்த முழ உயரச் சண்டைக்கு நடுவே நின்றவர் நீர்க்கட்டி. ஊருக்கு ஊர் பெயர் மாறும்: கம்புகட்டி, மடையான், நீராணிக்கர். மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவர் மட்டுமே. தண்ணீர் குறைந்த ஆண்டில் முறைப்பாசனம் வரும். இன்னார் வயலுக்கு இத்தனை நாழிகை என்று பங்கிட்டு விடுவதும் அவரே. நிலக்காரர் யாரானாலும் மடையில் கை வைக்கக் கூடாது. மழை இரவில் கரையைச் சுற்றி வந்து நண்டு வளை, எலி வளை, கசிவு பார்ப்பதும் அவர் வேலை. கூலி அறுவடைக் களத்தில் நெல்லாக அளக்கப்படும். பல ஊர்களில் இந்தப் பொறுப்பு நிலமற்ற தலித் குடும்பங்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. தனக்கு வயல் இல்லாதவர் பங்கில் ஓரவஞ்சனை செய்யமாட்டார் என்பது ஊரார் சொன்ன நியாயம்.

அந்த நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தண்ணீரைப் பங்கிட்டவருக்குத் தண்ணீர் பாயும் நிலம் இல்லை. இரவெல்லாம் விழித்துக் காத்தவருக்கு ஊர்க்கூட்டத்தில் இடமில்லை. குடிமராமத்து என்று இன்று பெருமையாகப் பேசப்படும் ஊர்கூடி உழைக்கும் வழக்கத்திலும், மண் சுமந்தவர்களும் ஆயக்கட்டில் பலன் கண்டவர்களும் பெரும்பாலும் வெவ்வேறு சாதியினர். பழைய ஏரி நிர்வாகத்தைப் பொற்காலமாக வரைகிறவர்கள் இதை விட்டுவிட்டு எழுதினால் அது பாதிக் கதைதான்.

ஏரி தனியாக இருப்பதில்லை. மேல் ஏரியின் கலிங்குத் தண்ணீர் கீழ் ஏரியின் வரத்து. அதன் கோடித் தண்ணீர் அடுத்ததற்கு. கல்வராயன் அடிவாரத்திலிருந்து சின்னசேலம், கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், தியாகதுருகம் சமவெளிக்கு நிலம் சரிந்துகொண்டே வருவதால் ஏரித் தொடருக்கு இந்த வட்டாரம் நல்ல இடம். சென்னை மாகாணத்துப் பாசனத்தைப் பார்வையிட்டு எழுதிய பொறியாளர் பேர்ட் ஸ்மித் 1850-களில் ஒரு கணக்குக் கொடுத்தார்: 14 மாவட்டங்களில் 53,000 ஏரிகள்; அவற்றில் 10,000 பழுது. கரைகளை ஒன்றோடொன்று சேர்த்தால் 30,000 மைல். மதகு, கலிங்கு என்று தனித்தனிக் கட்டுமானங்கள் மட்டும் 3 லட்சம். வெளியிலிருந்து வந்த பொறியாளரை வியக்க வைத்த எண்ணிக்கை இது.

தொடராக இருப்பதில் வசதியும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஓர் ஏரியில் மிஞ்சியது அடுத்ததில் நிற்கும். ஆனால் மேல் ஏரி உடைந்தால் அதன் மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் கீழ் ஏரியில் போய் விழும். அந்த அளவுக்குக் கட்டப்படாத கலிங்கு தாங்காமல் அந்தக் கரையும் போகும். பிறகு மூன்றாவது. 2025 அக்டோபர் 20 அன்று அமேசான் கிளவுடின் வர்ஜீனியா மையத்தில் நடந்ததைப் படித்தவர்களுக்கு இது பழக்கமான வரிசைதான். டைனமோ டிபி என்ற தரவுச் சேவையின் டி.என்.எஸ். முகவரியைத் தானாகப் புதுப்பிக்கும் மென்பொருளில் ஒளிந்திருந்த ஒரு பிழை, அந்த முகவரியையே வெறுமையாக்கிவிட்டது. அதைச் சில மணி நேரத்தில் சரிசெய்தார்கள். ஆனால் அதை நம்பியிருந்த மற்ற சேவைகளில் தேங்கிய வேலை ஒரேயடியாகப் பாய்ந்ததால், எல்லாம் நிலைக்குத் திரும்பப் பகல் முழுதும் ஆனது. உடைப்பை அடைப்பது ஒரு வேலை. அதற்குள் கீழே போய்விட்ட வெள்ளத்தைச் சமாளிப்பது வேறொரு வேலை. இரண்டுக்கும் ஆள் தனித்தனியாக வேண்டும் என்பதை இரண்டு துறைகளும் அடிபட்டே கற்றுக்கொண்டன.

அறுந்த கதைக்கு வருவோம்.

கம்பெனி ஆட்சியும் பின்னர் பிரிட்டிஷ் அரசும் நிலவரியை நேராக வசூலித்தன. ஏரிக்கென்று விட்ட மானியங்கள் கணக்கெடுக்கப்பட்டன. ஊர் வருமானத்தில் ஏரியின் பங்கு சுருங்கியது. பணம் கஜானாவுக்குப் போனது. வேலை மட்டும் ஊரார் தலையில் மிஞ்சியது. வழக்கம் தளர்ந்ததும் அரசு சட்டத்தை எடுத்தது. 1858-இல் வந்தது சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். ஏரிக் கரையோ ஆற்றுக் கரையோ உடையும் நிலையில் இருந்தால், சுற்றுவட்டாரத்து உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்கள் அனைவரையும் வேலைக்கு அழைக்க அதில் அதிகாரம் உண்டு. வழக்கப்படியான குடிமராமத்துக்கு வராதவரிடமிருந்து அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு வசூலிக்கலாம். யாரை அழைக்கலாம் என்பதில் சட்டமே ஒளிவு மறைவில்லாமல் வகுப்பைக் குறிப்பிட்டுவிட்டது. வருமானத்தை எடுத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் கட்டாயமாக்கினால் ஏரி என்ன ஆகும் என்பதைப் பின்னால் வந்த ஆண்டுகள் காட்டின. சட்டம் புத்தகத்தில் இருந்தது; வாய்க்கால்கள் தூர்ந்துகொண்டே போயின.

ஆனாலும் அந்த நூற்றாண்டு ஓர் அருமையான வேலையையும் விட்டுப் போயிருக்கிறது. 1883-இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. அளவைக் குழுக்கள் வடிநிலம் வடிநிலமாகப் போய் ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு குறிப்பேடு எழுதின. ஆயக்கட்டு எவ்வளவு, கரை நீளம், கரைமட்டம், முழு நீர்மட்டம், கலிங்கின் நீளம், ஒவ்வொரு மதகின் அடிமட்டம், எந்த ஏரியிலிருந்து தண்ணீர் வருகிறது, எங்கே போகிறது என்று எல்லாம் அதில் இருக்கும். அதை ‘டேங்க் மெமாயர்’ என்பார்கள். நீர்வளத்துறைப் பொறியாளர்கள் இன்றும் ஒரு கலிங்கின் உயரத்தைப் பற்றித் தகராறு வந்தால் அந்தப் பழைய குறிப்பேட்டைத்தான் தேடி எடுக்கிறார்கள். யாரோ ஒருவர் நினைவிலிருந்த எண்ணைக் காகிதத்துக்குக் கொண்டுவந்ததால் கிடைத்த பலன் அது. எஸ்.ஆர்.இ. குழுக்கள் ‘ரன்புக்’ என்று வைத்திருப்பதும் இதற்காகவே: விஷயம் தெரிந்த ஒருவர் விடுப்பில் போன இரவிலும் வேலை நடக்க வேண்டும்.

எழுதி வைத்தால் போதுமா என்றால் போதாது. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். திறந்து பார்த்தபோது அவற்றில் எதுவும் சரியாக வேலை செய்யவில்லை; வேறொரு வேலைக்காகச் சில மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு போய்விட்டது. அந்த நிறுவனம் அதை மறைக்கவில்லை. மீட்பு வேலையை நேரலையாக ஒளிபரப்பியது. ஆண்டுக்கணக்கில் திறக்காத மதகு ஷட்டர் துருப்பிடித்து இறுகிப்போவதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அதனால்தான் வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஷட்டர்களை ஏற்றி இறக்கிப் பார்த்து, கிரீஸ் போட்டு, மணல் மூட்டையும் சவுக்குக் கழியும் அடுக்கி வைக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் ‘கேயாஸ் மங்கி’ என்ற மென்பொருளை எழுதி, வேலை நேரத்தில் வேண்டுமென்றே சர்வர்களை நிறுத்திப் பார்த்ததும் இதே எண்ணத்தில்தான். எல்லோரும் விழித்திருக்கும் பகலில் பழுது வந்தால் பாடம். மழை இரவில் வந்தால் ஆபத்து.

கரை உடைப்பை அடைக்கும் விதமும் கவனிக்கத் தக்கது. உடைந்த வாயில் நேராக மூட்டை போட்டால் நீர் அடித்துக்கொண்டு போய்விடும். முதலில் இரண்டு முனைகளையும் கட்டி, வாய் மேலும் அகலாமல் தடுக்க வேண்டும். பிறகு சவுக்குக் கழிகளை இரண்டு வரிசையாக அடித்து, நடுவில் மணல் மூட்டையும் வைக்கோலும் களிமண்ணும் இட்டு மிதிக்க வேண்டும். காரணம் கண்டுபிடிப்பதெல்லாம் தண்ணீர் நின்ற பிறகு. பழுது நேரத்தில் காரணத்தை ஆராய உட்காரும் இளம் பொறியாளரிடம் மூத்தவர்கள் சொல்வதும் அதுவே: முதலில் பரவாமல் நிறுத்து.

மலைக்குத் திரும்பலாம். கல்வராயன் மலையின் நிர்வாக வரலாறு சமவெளியிலிருந்து வேறுபட்டது. தென்னார்க்காட்டுப் பகுதி மலைக் கிராமங்கள் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்தன. நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் அங்கே ஜாகீர் முறை முடிவுக்கு வந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இந்த மலைக்கு இன்று வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி வட்டம் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26 அன்று. அடிவாரத்து ஏரிகளுக்குத் தண்ணீர் தரும் மலையும், தண்ணீர் வாங்கும் சமவெளியும் நெடுங்காலம் வெவ்வேறு கணக்குப் புத்தகங்களில் இருந்தன என்பது இதில் முக்கியம்.

இன்றும் அந்தப் பிரிவு வேறு வடிவில் தொடர்கிறது. மழை விழும் காடு வனத்துறையிடம். அணையும், 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரிகளும் நீர்வளத்துறையிடம். அதற்குக் குறைந்த ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்திடம். ஏரிப் புறம்போக்கு நிலத்தின் பதிவேடும் ஆக்கிரமிப்பு அகற்றும் அதிகாரமும் வருவாய்த்துறையிடம். ஒரே தொடரில் மேல் ஏரி ஒன்றியத்துடையது, நடு ஏரி நீர்வளத்துறையுடையது, இடையில் ஓடும் வரத்து வாய்க்கால் யாருடையது என்று கேட்டால் மூன்று அலுவலகம் ஏற வேண்டியிருக்கும். தமிழ்நாட்டின் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளில் மிகப் பெரிய பலவீனம் கரையில் இல்லை, இந்த இடைவெளியில் இருக்கிறது. பெரிய கிளவுட் அமைப்புகளிலும் பழுது அதிகம் பிறப்பது இரண்டு குழுக்களின் எல்லைக்கோட்டில்தான். ஒவ்வொரு குழுவின் டாஷ்போர்டும் பச்சையாக இருக்கும், சேவை மட்டும் செத்திருக்கும்.

டாஷ்போர்டையே நம்ப முடியாத நாளும் வந்தது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில், ஓர் ஊழியர் தட்டிய கட்டளையில் ஓர் உள்ளீடு தவறியதால் நினைத்ததை விட அதிகமான சர்வர்கள் அகற்றப்பட்டன. சேவை நான்கு மணி நேரத்துக்கு மேல் தடுமாறியது. அந்த நேரத்தில் நிலைமையை அறிவிக்க வேண்டிய பக்கமே எஸ்3-ஐ நம்பியிருந்ததால் அதை மாற்ற முடியவில்லை. உலகத்துக்கு எல்லாம் நலம் என்றே அது காட்டிக்கொண்டிருந்தது. எச்சரிக்கும் கருவி, எச்சரிக்கப்பட வேண்டிய பொருளின் மேல் நிற்கக் கூடாது. கிராமத்தில் தண்டோரா போட்டவர் ஏரித் தண்ணீரை நம்பி இயங்கவில்லை. பறையும் குரலும் போதும். சாதி இழிவைச் சுமந்த அந்த வழக்கத்துக்குத் தமிழ்நாடு அரசு 2022-இல் முடிவு கட்டியது. ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் அறிவிக்கச் சொன்னது. வழக்கம் போனது நல்லது. மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் விழுந்துபோன இரவிலும் சேதி போய்ச் சேர ஒரு வழி வேண்டும் என்ற தேவை மட்டும் அப்படியே இருக்கிறது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை இந்தப் பாடங்களை எல்லாம் ஒரே வாரத்தில் படித்தது. அந்தச் செப்டம்பரில்தான் மைக்ரோசாஃப்ட் தன் அஷூர் கிளவுடின் தென்னிந்திய மையத்தைச் சென்னையில் திறந்திருந்தது. டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து வெளியேற்றம் விநாடிக்கு 29,000 கன அடி வரை உயர்ந்தது, அடையாற்றங்கரை மூழ்கியது. நீரை விடுவித்த விதத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை பின்னர் கடுமையாகக் குறை கூறியது. 1878 முதல் வெளிவரும் ‘தி இந்து’ நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்குப் பணியாளர்கள் போய்ச் சேர முடியாததே காரணம். எந்திரத்துக்குப் பேக்கப் உண்டா என்று கேட்கிறவர்கள், அதை இயக்கும் மனிதர் வந்து சேர வழியுண்டா என்று கேட்பதில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் முடங்கியபோது பொறியாளர்கள் டேட்டா சென்டருக்குள் போய்க் கருவிகளைத் தொடுவதற்கே தாமதமானதும் இந்தக் கேள்விக்குள் அடங்கும்.

கள்ளக்குறிச்சிக்கு அந்தச் சோதனை 2024-இல் வந்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, உள்ளே நகராமல் நின்று பெய்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தென்பெண்ணையில் விடப்பட்டது. திருக்கோவிலூர் தொடங்கிக் கடலூர் வரை ஆற்றோர ஊர்கள் மூழ்கின. முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது அரசு, போதவில்லை என்றார்கள் எதிர்க்கட்சியினர். இப்படிப்பட்ட நேரத்தில் நல்ல பொறியியல் குழு செய்வது, பழி போடாத போஸ்ட்மார்ட்டம். எந்த மணிக்கு எந்த அளவு தெரிந்தது, சேதி யாரிடம் போனது, எங்கே நின்றது, அடுத்த முறை எது மாற வேண்டும் என்று நிமிடக் கணக்காக எழுதி எல்லோரும் படிக்க வெளியிடுவது. அணைகளுக்கும் ஏரிகளுக்கும் அப்படி ஓர் ஆவணம் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் ஊர் நூலகத்தில் கிடைக்குமானால், 1883-இன் குறிப்பேட்டுக்குப் பிறகு வந்த மிகப் பெரிய முன்னேற்றம் அதுவாகத்தான் இருக்கும்.

குடிமராமத்து என்ற பெயரை 2017 மார்ச்சில் தமிழ்நாடு அரசு மீட்டெடுத்தது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். பல ஏரிகளில் தூர் எடுக்கப்பட்டது, மதகுகள் புதுப்பிக்கப்பட்டன. விவசாயிகள் சங்கம் என்ற பெயரில் ஒப்பந்ததாரர்களே வேலை எடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டும் வந்தது. பெயரைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த இரண்டு பொருள்களைக் கொண்டுவரவில்லை: ஏரிக்கென்று தனியாக, ஆண்டுதோறும் வரும் வருமானம்; இந்த ஏரிக்கு இவர்தான் என்று சொல்லத்தக்க ஒரு காவலர். களத்து நெல்லையும் பிறப்பால் வந்த கட்டாயத்தையும் யாரும் திரும்பக் கேட்கவில்லை. எஸ்.ஆர்.இ. பொறியாளரின் ஆன்-கால் இரவுக்குத் தனி ஊதியமும் மறுநாள் ஓய்வும் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஐப்பசி இரவில் கரையில் டார்ச்சோடு நடக்கும் ஆளுக்கும் அதே மரியாதை ஏன் இருக்கக் கூடாது?

ஆள் ஒரு பக்கம். ஆக்கிரமிப்பை அகற்றச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2007-இல் நிறைவேறிய தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி, ஏரியை அளந்து எல்லைக்கல் நட்டு ஆக்கிரமிப்பை எடுக்க அதிகாரம் உண்டு. கல்வராயன் அடிவாரத்தில் அதற்கு வேண்டியது ஒவ்வோர் ஏரித் தொடருக்கும் ஒரே வரைபடம். காடு, வாய்க்கால், கலிங்கு எல்லாம் ஒன்றாகத் தெரியும்படி, நான்கு துறைகளும் கையெழுத்துப் போட்டது. பழைய குறிப்பேடுகளின் மட்ட அளவுகள் கையில் இருக்கின்றன. சர்வேயர் சங்கிலியும் ஜி.பி.எஸ். கருவியும் கோடையில், ஏரி வற்றிக் கிடக்கும்போது இறங்க வேண்டும். ஆடி பிறப்பதற்குள் கலிங்குக்குக் கீழே அடைபட்டிருக்கும் ஓடைகளின் பட்டியல் ஆட்சியர் மேசைக்குப் போக வேண்டும்.